வேடியப்பனுக்கு எதற்குக் கண்ணாடிப் பெட்டி?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் வயலோரம் சாய்ந்து நிற்கும் பழைய நடுகற்களை ‘வேடியப்பன்’ என்று கும்பிடுகிறார்கள். கல்லில் ஒருவன் வில்லோ குறுவாளோ ஏந்தி நிற்பான். காலடியில் மாடுகள் செதுக்கியிருந்தால் ஆநிரைப் பூசலில் செத்தவன். பாயும் புலியின் வயிற்றில் கத்தியை இறக்கிக்கொண்டிருந்தால் புலிகுத்திப்பட்டான். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தடவியதில் முகம் மழுங்கி, மூக்கு எது, வாய் எது என்று தெரியாது. மேலே இருக்கும் எழுத்து தமிழாக இருக்கலாம், கன்னடமாகவோ தெலுங்காகவோகூட இருக்கலாம். எல்லைச் சீமை அப்படி.

இந்தக் கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்கலாமா? வைக்காமல் விட்டால் நாளைக்கு ஒரு லே-அவுட்காரர் பொக்லைன் கொண்டுவந்து தள்ளிவிடுவார். கிருஷ்ணகிரியில் 1993 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகம், இப்படிப் போயிருக்க வேண்டிய நடுகற்கள் சிலவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இன்னும் பொங்கல் வைத்துக் கும்பிடும் கல்லைத் தூக்கி வந்தால் ஊர் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது.

கல்லுக்கு எழும் இதே கேள்வி வாழும் மக்களின் பண்பாட்டுக்கும் எழும். இதே மாவட்டத்து ஓசூர்ப் பக்கம் இருளர்களுக்கும் குரும்பர்களுக்கும் ஒரு பண்பாட்டு மையம் வேண்டும் என்பது என் கட்சி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஐம்பது ஆண்டாகிறது. லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று தொடங்கி இப்போது செல்போன் பாகங்கள் வரை வந்தாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று தெற்கே போனால் காடு. 2022-இல் அதில் 686 சதுர கிலோமீட்டர் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டோரக் குடியிருப்புகளில் இருக்கும் இருளர்களைப் பற்றி வெளியாருக்குத் தெரிந்ததெல்லாம் தேனும் கிழங்கும்தான். குரும்பர்களைப் பற்றி அதுவும் இல்லை. பூசாரி பக்தர் தலையில் தேங்காய் உடைக்கும் நேர்த்திக்கடன் அன்றைக்கு டி.வி. கேமராக்கள் வரும், மறுநாள் போய்விடும். அவர்களுடைய கம்பளி நெசவையும் சேவையாட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

கட்டலாம்தான். எப்படி என்பதில்தான் சிக்கல். இதே சிக்கலோடு மல்லுக்கட்டும் ஒரு கூட்டம் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறது.

கனடாவின் வடகோடியில் பனி உறைந்த நிலத்தில் வாழும் இனுயிட் மக்கள் 1993-இல் ஒரு நில உடன்படிக்கை போட்டு, 1999-இல் நூனவுட் என்ற தனி ஆட்சிப் பகுதியையே வாங்கிவிட்டார்கள். இருபத்தைந்து ஊர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. விமானம், இல்லையென்றால் கோடையில் மட்டும் வரும் கப்பல். அந்த உடன்படிக்கையின் பேரிலேயே இனுயிட் மரபுரிமை அறக்கட்டளை என்று ஓர் அமைப்பும் பிறந்தது. ஆட்சி கிடைத்தது, அறக்கட்டளை கிடைத்தது. பாட்டன் பூட்டன் செய்த பொருளை வைக்க ஒரு கட்டடம் மட்டும் கிடைக்கவில்லை. அவர்களுடைய கலைப் பொருட்களில் ஆயிரக்கணக்கானவை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வின்னிபெக் நகரத்தில் இருக்கின்றன. அங்கே 2021-இல் திறந்த கௌமாயுக் என்ற இனுயிட் கலை மையத்தில் மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகத்துக்குள் சிற்பங்களை அடுக்கியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் செதுக்கியவரின் பேரன் அதைப் பார்க்க விமான டிக்கெட் எடுக்க வேண்டும்.

அதனால்தான் தலைநகரான இக்காலுயிட்டில் சொந்தமாக ஒரு மரபுரிமை மையம் கட்டத் திட்டமிட்டார்கள். வடிவமைப்பு டென்மார்க் கட்டடக் கலைஞர் டோர்டே மாண்ட்ரூப்பிடம் போனது. காற்று அடித்து அடித்துப் பனியில் வரி வரியாக மேடு விழும். வழி தவறாமல் போவதற்கு இனுயிட்கள் அந்த வரிகளைத்தான் திசைகாட்டியாக வைத்திருந்தார்கள். கட்டடத்தின் உருவத்தை அதிலிருந்து எடுத்திருக்கிறார் மாண்ட்ரூப்.

கட்டடத்தைவிட எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. ஒன்று, 2011-இல் கிளைட் ரிவர் என்ற சிற்றூரில் திறந்த பண்பாட்டுப் பள்ளி. அங்கே இளைஞர்கள் தோல் தைப்பதையும் வேட்டையையும் பெரியவர்களிடம் தங்கள் மொழியிலேயே கற்கிறார்கள். இன்னொன்று, அறக்கட்டளை பல ஆண்டுகளாகச் செய்துவரும் இடப்பெயர் வேலை. ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயர்களுக்கு அடியில் புதைந்த குடா, பாறை, ஆறு ஆகியவற்றின் ஆயிரக்கணக்கான பெயர்களை முதியவர்களிடம் கேட்டு வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள். செங்கல் ஒன்றுகூட வைக்காமல் செய்த வேலை இது.

நமக்கும் முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். சிப்காட் என்று பஸ் ஏறினால் ‘பேஸ் ஒன்னா, பேஸ் டூவா?’ என்பார்கள். அந்த பேஸ்களுக்கு அடியில் எந்த மேய்ச்சல் காடு, எந்த ஓடை, எந்தக் கோயில் மேடு இருந்தது என்பது எழுபது வயதுக்காரர்கள் சிலருக்குத்தான் தெரியும். காட்டுக்குள்ளும் அதே கதை. வனத்துறை வரைபடத்தில் எண்ணாக இருக்கும் இடத்துக்கு, தேனெடுக்கப் போகிறவரிடம் பெயர் இருக்கிறது. ஒரு செல்போனும் பொறுமையும் இருந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம்.

பதிவு செய்ததும் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும். மூலிகை அறிவும் மரபறிவும் சமூகத்தின் உரிமை என்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே சொல்கிறது. ஆகவே எந்தப் பாட்டை எல்லாரும் கேட்கலாம், எந்தச் சடங்கை வெளியாருக்குக் காட்டவே கூடாது என்பதைக் குடியிருப்புக்காரர்கள் தீர்மானிக்க வேண்டும். மையத்தில் பூட்டிய அறை ஒன்று இருந்து, அதன் சாவி அவர்களிடம் இருந்தால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

கட்டடம் கட்டும்போது போபாலைப் பார்க்கலாம். அங்குள்ள இந்திரா காந்தி மானவ சங்கிரகாலயாவின் திறந்தவெளிக் காட்சியில், நாட்டின் பல மூலைகளிலிருந்து பழங்குடி மக்களையே வரவழைத்து அவரவர் வீட்டை அவரவர் கையால் கட்ட வைத்திருக்கிறார்கள். நம்மூரிலோ 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குச் செட்டிநாட்டு வீட்டுப் பாணி. சிவகங்கைச் சீமைக்கு அது பொருந்தும். அதையே ஓசூருக்குத் தூக்கி வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இங்கே பொருளுக்கா பஞ்சம்? மல்லசந்திரத்தின் மோரல் பாறைக்குப் போய்ப் பாருங்கள். பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்து, சுற்றிலும் இன்னும் பலகைகளை வட்டமாக நட்டுக் கட்டிய பெருங்கற்காலக் கல்திட்டைகள். ஒரு பலகையில் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வட்டத் துளை. சிமென்டும் இல்லை, கம்பியும் இல்லை. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். பாறையைப் பலகையாகப் பிளக்கத் தெரிந்த கைகள் இன்றும் இங்கே உண்டு. வேலியும் திராட்சைப் பந்தலும் கல்தூணில்தான் நிற்கின்றன. ஏற்றுமதிக்குப் போகும் கிரானைட் போக மிச்சம் குவாரி ஓரங்களில் குவிந்து கிடக்கிறது. கண்ணாடி முகப்பும் ஏ.சி.யும் எதற்கு?

இடம் தேர்வதில் யானையிடமும் கேட்க வேண்டும். கேழ்வரகு கதிர் விடும் பருவத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக இறங்கும். ‘இயற்கைச் சூழலில்’ என்று அந்தத் தடத்தில் மதில் எழுப்பினால், இரண்டாவது வருடம் மதில் இருக்காது. குடியிருப்புகளுக்குப் பஸ் போகும் ஏதாவது ஒரு சிற்றூர் போதும். ஓசூர் நெடுஞ்சாலையில் கட்டினால் பெங்களூரு சுற்றுலாக்காரர்களுக்கு வசதி. அஞ்செட்டிக் கிழவிக்கு அது இன்னொரு வின்னிபெக்.

ஓசூருக்கு வேலைக்கு வந்த வேறு பழங்குடியினரும் இருக்கிறார்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த ஆறாயிரம் பழங்குடிப் பெண்கள் ஓசூர் அருகே ஐபோன் தொழிற்சாலைக்காகப் பயிற்சி பெற்றதாக 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். முண்டா, ஓராவ் வீடுகளில் பிறந்த பெண்கள் இங்கே விடுதியில் தங்கி ஷிப்ட் பார்க்கிறார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆடிப் பாட ஒரு களம் இந்த மையத்தில் இருக்கட்டுமே. இருளர் வீட்டுப் பெண்கள் அவர்களோடு என்ன பேசுவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

பணம் பெரிய தடையாக இருக்காது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்கள் இந்தச் சாலை நெடுக இருக்கின்றன. மரபும் கலையும் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே உள்ளன. பழங்குடியினருக்காக நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்த ‘தொல்குடி’ திட்டமும் இருக்கிறது. கொடுக்கிற நிறுவனத்தின் பெயர் வாசலில் சின்னதாக இருக்கட்டும், குழுவில் பாதிக்கு மேல் குடியிருப்புக்காரர்கள் இருக்கட்டும்.

முதல் கூட்டத்தை ஆட்சியர் அலுவலகத்தில் போடாமல் அஞ்செட்டிப் பக்கம் ஒரு குடியிருப்பு மரத்தடியில் போடலாம். கேழ்வரகு அறுவடை முடிந்த பிறகு வைப்பது நல்லது. அதற்கு முன்னால் போனால் ராத்திரி முழுக்கப் பரண்மேல் யானைக்காவல் இருந்தவர்கள் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.