‘பிங்க்’ நிப்புடன் வாட்டர்மேன் 7 மைப்பேனா

அமெரிக்கா. 1927இல் அறிமுகமான வகை.
கெட்டி ரப்பர், 14 காரட் தங்க நிப்பு, இரிடியம் முனை.

வாட்டர்மேன் நிறுவனம் இந்தப் பேனாவை 7 டாலருக்கு விற்றது. எழுதுபவரின் கைக்கு ஏற்ற நிப்பைக் கடையிலேயே எளிதாகத் தேர்ந்தெடுக்க, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கொடுத்தது. சிவப்பு பெரும்பாலோருக்குப் பொருந்துவது. பச்சை வளையாதது. ஊதா விறைப்பான மெல்லிய முனை. நீலம் பட்டை முனை. மஞ்சள் உருண்டை முனை. அது இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கும் ஏற்றது.

இங்கே இருப்பது ‘பிங்க்’: மெல்லிய, நன்றாக வளையும் நிப்பு. லேசாக எழுதினால் மயிரிழை போன்ற கோடு விழும். அழுத்தினால் நிப்பின் இரு பாதிகளும் விரிந்து கோடு தடிக்கும். விட்டதும் பழையபடி சேர்ந்துகொள்ளும். சுருக்கெழுத்தாளர்களை மனத்தில் வைத்துச் செய்தது இது.

பழம்பேனா சேகரிப்பவர்கள் இன்று மிகவும் விரும்பித் தேடும் நிப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் நிப்பின் வகையைக் காட்ட மூடியின் உச்சியில் உள்ள இளஞ்சிவப்பு வளையத்தை மட்டும் நம்பி வாங்க முடியாது. பழுதான நிப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது அன்று வழக்கம். ஆகவே நிப்பிலேயே பொறித்துள்ள நிறப்பெயரைப் பார்க்க வேண்டும். நிப்பின் நடுவில் சாவித்துளை வடிவில் உள்ள துளையையும் கவனியுங்கள்.

வெளிச்சம் பட்டால் கெட்டி ரப்பர் நிறம் மங்கும். அருள்கூர்ந்து ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம்.