ஊர் கூடித் தேர் இழுக்கும் மூளை

மேஜை மீதுள்ள டீ கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோக ஓரிரு விநாடி போதும். அதற்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றை அசைக்கும் பல தசைகள் முறை தவறாமல் இறுகித் தளர்கின்றன. ஒன்று அவசரப்பட்டாலும் டீ சட்டையில் கொட்டிவிடும். இத்தனை தசைகளுக்கும் உத்தரவு போடுவது யார்?

மூளையின் மேற்பரப்பில், உச்சந்தலையிலிருந்து காதை நோக்கி நாடா போல் இறங்கும் ஒரு பகுதிக்கே இதில் பெரும் பங்கு. இதற்கு இயக்கப் புறணி என்று பெயர். மூளையின் இடது பாதி வலது கையையும், வலது பாதி இடது கையையும் ஆள்கின்றன. உத்தரவைச் சுமந்து வரும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை, முதுகுத் தண்டுக்குள் நுழையுமுன் முகுளத்தில் குறுக்கே கடந்து மறுபக்கம் போய்விடுவதே காரணம்.

மூளைக்குள் ஒரு வரைபடம்

1870-ல் பெர்லினில் பிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரு டாக்டர்கள் நாயின் மூளையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார்கள். குறிப்பிட்ட இடத்தைத் தொட்டபோது எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. 1937-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரைச் சேர்ந்த அறுவை நிபுணர் பென்பீல்டு, சக டாக்டர் போல்ட்ரேயுடன் சேர்ந்து, மனித மூளையில் இதே முறையில் கண்டவற்றை வெளியிட்டார். மூளைக்கு வலி தெரியாது. மண்டைத் தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே சோதித்தார்கள்.

உச்சியில் கால், நடுவில் கை, கீழே முகமும் நாக்கும் என இடம் பிரிந்திருந்தது. அகன்ற முதுகுக்குச் சிறு துண்டுதான். விரல்களுக்கோ பெரும் பரப்பு. உறுப்பு பெரிதா என்பதல்ல, நுணுக்கமாக வேலை செய்கிறதா என்பதே அங்கே கணக்கு.

ஆர்மோனியக் கட்டை அல்ல

கட்டைக்கு ஒரு சுரம் ஒலிப்பது போல், மூளையில் புள்ளிக்கு ஒரு தசை என்றால் விஷயம் எளிது. ஆனால் உண்மை வேறு. ஒரே நரம்பணு முன்கையின் பல தசைகளை ஒருங்கே தூண்டுவதை, 1980-ல் பெட்ஸ், செனி என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் குரங்குகளிடம் காட்டினார்கள்.

1982-ல் ஜியார்ஜோபூலஸ் குழுவினர் மற்றொன்றைக் கண்டார்கள். ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பிடித்தமான திசை ஒன்று உண்டு. கை அந்தப் பக்கம் போகும்போது அது மும்முரமாக இயங்குகிறது. வேறு பக்கம் போனால் தணிகிறது. தேர்வடத்தைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து இழுத்தாலும், எல்லாருடைய பலமும் கூடிய திசையில்தானே தேர் நகரும்? கையும் அப்படித்தான்.

2002-ல் கிராசியானோ என்பவர், குரங்கின் மூளையில் ஓரிடத்தை அரை விநாடி தூண்டிப் பார்த்தார். கை எழுந்து வாயருகே வந்தது, வாயும் திறந்தது. தனித்தனித் தசைகள் மட்டுமல்ல, முழுச் செயல்களும் அங்கே இடம்பெற்றிருக்கலாம் என்பதற்கு இது அடையாளம்.

கை விழுந்தால்?

ரத்தக் குழாய் அடைத்தோ வெடித்தோ பக்கவாதம் தாக்கினால் இந்தப் பகுதி சேதமடையக்கூடும். உழைத்துச் சாப்பிடுகிற குடும்பத்தில் ஒருவர் கை விழுந்தால் அடுப்பே அணைந்த மாதிரி. ஆனால் வடம் பிடித்தவர்களில் சிலர் விழுந்தாலும், மீதிப் பேர் பழகிக்கொண்டால் தேர் கொஞ்சமாவது நகரும். கைப்பகுதியில் சிறு சேதம் ஏற்பட்ட குரங்குகளுக்குத் தொடர்ந்து பயிற்சி தந்தபோது, மீந்திருந்த கைப்பகுதி காக்கப்பட்டதை 1996-ல் நூடோ குழுவினர் கண்டார்கள். பயிற்சி இல்லாதபோது அது சுருங்கியது.

2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 222 நோயாளிகள் பங்கேற்றனர். ஓரளவு அசைவு மீந்திருந்தவர்கள் இவர்கள். இவர்களில் ஒரு பிரிவினருக்கு நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கையையே இரண்டு வாரம் வேலை வாங்கினார்கள். அவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது.

எல்லாருக்கும் முழுக் குணம் கிட்டும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால், விழுந்த கை விழுந்ததுதான் என்று மூலையில் முடங்க வேண்டியதில்லை. திடீரென வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதன்பின், டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்வதே மீண்டும் டீ கிளாஸைத் தொட வழி.