நிறமுட்டைக் கோழிகளில் அசலும் கலப்பும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் மலைப்பாதையில் அமைந்த அரவேணு வட்டாரம் சிறு தேயிலை விவசாயிகள் நிறைந்த பகுதியாகும். பசுந்தேயிலையின் விலை நம் கையில் இல்லை. 1990-களின் இறுதியில் அவ்விலை சரிந்து பல குடும்பங்கள் துன்புற்றதை மலைமக்கள் மறந்திரார். இலை விலை குறையும் காலத்தில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பவற்றுள் புழக்கடைக் கோழியும் ஒன்று. அதன் முட்டை 'நாட்டு முட்டை' என்ற பெயரால் வெள்ளை முட்டையைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது.

கூடுதல் விலை உள்ள இடத்தில் போலியும் வந்து சேர்வது உலக வழக்கம். நிறமுட்டை இடுவதெல்லாம் அசல் நாட்டுக்கோழியே என்று எண்ணி மிகுதியாகப் பணம் கொடுப்போர் பலர். கலப்புக் குஞ்சுகளை அசல் என நம்பி வாங்கி, அவை வளர்ந்தபின் அடையில் அமராமையால் அடுத்த ஆண்டும் குஞ்சுக்காகவே பணம் செலவிட நேர்ந்த குடும்பங்களும் உண்டு. ஆகவே அசலையும் கலப்பையும் பகுத்தறியும் முறையை ஈண்டு விளக்கக் கருதுகிறோம்.

ஓட்டுக்கு நிறம் வரும் விதம்

கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாகி வெளிவர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி, அதாவது சுமார் 20 மணி நேரம், ஓடு படிவதற்கே செல்கிறது. ஓடு எந்தக் கோழிக்கும் முதலில் வெள்ளைச் சுண்ணாம்பே. பழுப்பு முட்டையிடும் கோழிகளில், கடைசிச் சில மணி நேரத்தில் புரோட்டோபார்ஃபிரின் என்னும் நிறப்பொருள் ஓட்டின் மேற்புறத்தில் பூச்சுப்போலப் படிகிறது. முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால் அது வெண்மையாகவே இருக்கும்.

நீல முட்டையின் செய்தி வேறு. அதற்கு நிறம் தருவது பிலிவெர்டின் என்னும் பொருள். அது ஓட்டின் கனம் முழுவதும் ஊறி நிற்பதால், உள்ளும் புறமும் ஒரே நீலமாகக் காணும். நெசவாளர்க்கு இதனை விளங்கச் சொல்லுவது எளிது. பழுப்பு முட்டை அச்சடித்த துணி. நிறம் மேற்பக்கத்தில் மட்டும் நிற்கும். நீல முட்டை சாயமிட்ட நூலால் நெய்த துணி. இருபுறமும் நிறம் ஒன்றே. நீலத்தின்மீது பழுப்பு படிந்தால் அம்முட்டை பச்சையாகத் தோன்றும்.

நிறத்தின் அழுத்தமும் நிலையானதன்று. முட்டையிடும் பருவம் முதிர முதிரப் பழுப்பு வெளுக்கும். கடுவெயில், அச்சம், சுவாச நோய் ஆகியவற்றாலும் வெளுப்பதுண்டு. எனவே ஒரே கோழி தை மாதத்தில் இட்ட முட்டையும் ஆனி மாதத்தில் இட்ட முட்டையும் வேறு வேறு நிறமாக இருத்தல் கூடும். உணவுச் சத்துக்கும் ஓட்டின் நிறத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். மஞ்சள் கருவின் நிறம்கூடக் கோழி தின்ற பசுந்தழையையும் மக்காச்சோளத்தையும் பொறுத்ததே.

நீல முட்டை தரும் பாடம்

நீல முட்டையிடும் கோழி நம் மலைக்கு உரியதன்று. எனினும் அதன் வரலாறு அசலையும் கலப்பையும் அறிய விரும்புவோர்க்குச் சிறந்த பாடமாகும். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அரௌக்கானியா என்னும் பகுதியின் பெயரைப் பெற்றது அரௌக்கானாக் கோழி. வாலின்மையும், காதருகே மயிர்க்கொத்தும் அதன் அடையாளங்கள். அதன் வழியில் அமெரிக்காவில் உருவான அமெரௌக்கானா என்னும் இனத்துக்கு வால் உண்டு. தாடியும் கன்ன மயிரும் உண்டு. அந்நாட்டுக் கோழிச் சங்கம் 1984-இல் அதனைத் தனி இனமாக ஏற்றது. இவ்விரண்டிலும் சேராமல், நீலமோ பச்சையோ முட்டையிடும் கலப்புக் கோழிகளை அங்கே 'ஈஸ்டர் எக்கர்' என அழைக்கின்றனர். இக்கலப்புக் குஞ்சுகளை அசல் இனத்தின் பெயரால் விற்பது அங்கும் நீங்காத வழக்கு.

நீல முட்டையின் குணம் ஒரே ஒரு மரபணுவால் வருவது என்றும், அது வெள்ளையை மேலோங்கி நிற்பது என்றும் 1933-இல் பன்னெட் என்னும் ஆங்கில அறிஞர் காட்டினார். பழைய காலத்தில் ஒரு வைரசு கோழியின் மரபணுத் தொடரில் புகுந்து தங்கியதே இதற்குக் காரணம் என 2013-இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். சீனக் கோழிகளிலும் சிலிக் கோழிகளிலும் இது தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தாய் தந்தை இருவரிடமிருந்தும் நீல மரபணுவைப் பெற்ற கோழியும், ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கோழியும் நீல முட்டையே இடும். முட்டையின் நிறத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்துவிட இயலாது. சேவலோ முட்டையே இடுவதில்லை. ஆனால் குஞ்சின் மரபிற் பாதி அதனுடையது. ஆகவே முட்டைக் கூடையை மட்டும் பார்த்து அசல் என்று முடிவு செய்வது, மணமகளின் வீட்டை மட்டும் விசாரித்துச் சம்பந்தம் பேசுவது போலாகும்.

அசல் என்பது எது?

ஒருகாலும் கலவாதது அசல் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறாயின் உலகில் அசலென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. நம் மாவட்டத்தின் பெருமைக்குரிய நீலகிரிச் செம்மறியைக் கருதுக. 19-ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர் ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்னும் அயல்நாட்டு ஆடுகள் கலந்து உருவானது அது. இன்று அது தனி இனம். சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்பட்டு வருகிறது. காரணம், அதன் குட்டிகள் தலைமுறை தலைமுறையாகத் தாய் தந்தையரை ஒத்துப் பிறக்கின்றன.

கோழியும் அப்படியே. வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் அதன் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு, நம் சோலைகளில் கூவித் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. மஞ்சள் கால் கண்டவுடன் சீமைக் கலப்பு என ஒதுக்குவோர் இதனைக் கவனித்தல் நலம்.

ஆகவே, தன்னையொத்த குஞ்சுகளைத் தவறாது தருவதே அசல். நாட்டுக்கோழியைப் பொறுத்தமட்டில் இறகின் நிறம் பலவாக இருக்கும், அது குற்றமன்று. உருவம், வளர்ச்சி, அடைகாக்கும் குணம் ஆகியவை வழிவழியாக மாறாதிருத்தலே இங்கு அசலின் இலக்கணம்.

கண்டறியும் அடையாளங்கள்

1. முட்டை: சிறுவிடைக் கோழியின் முட்டை சிறியது, ஏறக்குறைய 40 கிராம் எடையுள்ளது, மங்கிய வெண்மை முதல் இளம்பழுப்பு வரை கோழிக்குக் கோழி வேறுபடும். கூடை முழுவதும் ஒரே அளவாகவும் ஒரே அழுத்தமான பழுப்பாகவும் இருப்பின், அவை பண்ணையிற் கட்டி வளர்த்த கலப்புக் கோழிகளுடையவை என ஐயுறலாம்.

2. சாயமேற்றிய முட்டை: வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாற்றில் தோய்த்து நாட்டு முட்டையென விற்றதாகத் தமிழ்நாட்டில் செய்திகள் வந்ததுண்டு. நாம் பறிக்கும் தேயிலையே நம் முட்டைக்குப் பகையாகலாமா? அத்தகைய முட்டையில் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் துணியிற் சாயம் ஒட்டும்.

3. வளர்ச்சி: நாட்டுக் குஞ்சு ஒரு கிலோ எடையை எட்ட நாலைந்து மாதம் ஆகும். கலப்புக் குஞ்சு நல்ல தீவனத்தில் இரண்டு அல்லது இரண்டரை மாதத்தில் அந்த எடையை அடைந்துவிடும்.

4. முட்டையிடும் ஒழுங்கு: நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டு நிறுத்தி அடைக்கு அமரும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டையே அதன் அளவு. இடைவிடாது இட்டுக்கொண்டே சென்று அடையை மறந்த கோழி கலப்பேயாகும்.

5. காது மடல்: வெண்மடல் உள்ளது வெள்ளை முட்டையும் செம்மடல் உள்ளது பழுப்பு முட்டையும் இடும் என்பது பொதுவிதி. ஆனால் விலக்குகள் உண்டு. அரௌக்கானாவுக்குச் செம்மடல், முட்டையோ நீலம். எனவே இதனைத் துணைச்சான்றாக மட்டும் கொள்க.

6. கொண்டை: நீல முட்டைக் கோழிகளுக்குப் பட்டாணிக் கொண்டை உண்டு என்பர். நம் அசீல் என்னும் சண்டைக்கோழிக்கும் அதே கொண்டைதான். அதன் முட்டை நீலமன்று.

இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. மூன்று நான்கு அடையாளங்கள் ஒத்து வந்தாலே ஓரளவு நம்பலாம்.

குஞ்சே சாட்சி

முடிவான சோதனை ஒன்றுண்டு. அது சந்ததியைப் பார்ப்பது. நீல முட்டை இனத்துச் சேவலை வெள்ளை முட்டையிடும் லெக்ஹார்ன் கோழிகளுடன் சேர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்க. சேவல் அசலாயின் அதன் பெட்டைக் குஞ்சுகள் யாவும் வளர்ந்து நீல முட்டை இடும். கலப்பாயின் ஏறக்குறையப் பாதியே அவ்வாறு இடும். கலப்புச் சேவலின் எட்டுப் பெட்டைகளும் தற்செயலாக நீல முட்டையே இட 256-இல் ஒரு பங்கே வாய்ப்புண்டு. ஆகவே எட்டுப் பெட்டைகள் போதிய சாட்சியாகும்.

பழுப்பு நிறம் பல மரபணுக்களால் வருவதால் அங்கே இவ்வளவு தெளிவான கணக்கு இல்லை. பழுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டைகள் பெரும்பாலும் இடைநிறமான முட்டை இடும். எனவே நாட்டுக்கோழியில் இரண்டு தலைமுறை பொறுத்துப் பார்த்தல் வேண்டும். அடையில் 21 நாள், பருவமெய்த ஆறேழு மாதம் எனக் கணக்கிட்டால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கலப்பினம் இழிந்தது என்று நாம் கூறவில்லை. ஐதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரில் உருவான கிரிராஜா ஆகியவை நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையோ இறைச்சியோ தருபவை. முட்டை விற்றுப் பணம் காண விரும்புவோர்க்கு அவை ஏற்றவை. ஆனால் அவற்றின் முட்டையைப் பொரித்து அடுத்த தலைமுறை வளர்த்தால் குணங்கள் சிதறிவிடும். ஒன்று பெருக்கும், ஒன்று சிறுக்கும். அடைகாத்துத் தானே பெருகும் கோழி வேண்டுவோர் நாட்டுக்கோழியையே நாடவேண்டும். எது வேண்டும் என்று முன்னரே தீர்மானித்து, அதற்குரிய பெயரோடும் விலையோடும் வாங்குவதே அறிவுடைமை.

நாட்டு இனத்தைப் பேண விரும்பும் ஹட்டிகளில் நல்ல சேவல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கிவிடலாம். பழைய சேவலை விலக்கியபின் மூன்று வாரம் கழிந்த முட்டைகளையே அடைக்கு எடுக்கவேண்டும். அதன் வித்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும். நெருங்கிய உறவில் இனம் நலியாதிருக்க இரண்டாண்டுக்கொருமுறை ஹட்டிகள் தம்முள் சேவல்களை மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கோழியின் குஞ்சு எது என்று காலில் வளையமிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவசியம். ஐயம் எழுந்தால் கால்நடை உதவி மருத்துவரையோ, குன்னூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

விற்பனையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கலப்புக் கோழியின் முட்டையைப் 'பழுப்பு முட்டை' என்றும், குறிப்பேட்டில் சான்றுள்ள முட்டையை மட்டும் 'நாட்டு முட்டை' என்றும் எழுதி விற்பதெனச் சங்கங்கள் தீர்மானித்தல் நன்று. கைத்தறி என்று முத்திரையிட்டு விசைத்தறித் துணியை விற்றால் நலிபவர் யார் என்பது நம் நெசவாளர் அங்கத்தினர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முட்டைக்கும் அதே நியாயம்தான். ஒருவர் செய்யும் பொய்யால் ஒன்பது பேரின் விலை குறையும்.