பணிமாற்றமும் பதிவேடும்

பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அனல் மின் நிலையத்தில் பணியில் சேர்கிறார் எனக் கொள்வோம். கணினித் திரையும் வரைபடங்களும் தமக்காகக் காத்திருக்கும் என அவர் எண்ணியிருக்கக்கூடும். மூத்த பொறியாளரோ தலைக்கவசத்தையும் குறிப்பேட்டையும் கொடுத்து, குழாய்களின் வழியே நடந்து பார்த்துவரப் பணிக்கிறார். முதற்பாடம் அங்கே தொடங்குகிறது.

அரைக்கப்பட்ட நிலக்கரித் தூள் காற்றுடன் கலந்து கொதிகலனுள் எரிகிறது. அவ்வெப்பத்தால் நீர், உயர் அழுத்த நீராவியாகிறது. நீராவி சுழலியை இயக்க, அதனுடன் இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது. நம் நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். இதற்காக, இரண்டு காந்த முனைகள் கொண்ட மின்னாக்கி நிமிடத்திற்கு 3000 முறை சுழல வேண்டும். வகுப்பறையில் ஒரு வரியாகப் படித்த இச்செய்தியை, ஆலையில் பேரோசையாகவும் காலடி அதிர்வாகவும் அவர் உணர்கிறார். எந்த ஓசை இயல்பானது, எது பழுதின் அறிகுறி என்பதை அனுபவம் மிக்க தொழிலாளர்களிடம் அவர் கேட்டறிய வேண்டும். கேட்பது இழுக்கன்று, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவதே இடர்.

மின் நிலையம் இரவும் பகலும் இயங்குவது. ஆகவே, பொறியாளர்களும் தொழிலாளர்களும் குழுக்களாகப் பிரிந்து முறைவைத்துப் பணியாற்றுகின்றனர். பணி முடித்துச் செல்லும் குழு, எப்பொறி இயங்குகிறது, எது பழுதுபார்க்கப்படுகிறது என்பவற்றைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த குழுவிடம் நேரிலும் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கும் முன் எழுத்து வடிவில் அனுமதிச் சீட்டு பெறுதல் வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்து, வால்வுகளை மூடிப் பூட்டி, 'இயக்காதீர்' என்னும் அட்டையைத் தொங்கவிடுவர். வேலையை முடித்தவர் ஒப்பமிட்டுச் சீட்டைத் திருப்பியளித்த பின்னரே பொறியை இயக்கலாம்.

இவ்விதிகள் புதியவருக்கு வெறும் எழுத்து வேலையாகத் தோன்றலாம். அவை தவறினால் நேர்வதென்ன என்பதற்கு, ஸ்காட்லாந்தை அடுத்த வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையின் அழிவே சான்று. 1988 ஜூலை 6 அன்று, அங்கிருந்த ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. மாலைக்குள் வேலை முடியவில்லை. அச்செய்தி இரவுக் குழுவினருக்குச் சென்று சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றபோது, அவர்கள் வால்வு இல்லாத பம்பை இயக்கினர். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் உயிரிழந்தனர். 1990இல் வெளியான விசாரணை அறிக்கை, பாதுகாப்பை மேம்படுத்த 106 பரிந்துரைகளை அளித்தது. அனுமதிச் சீட்டு முறையிலும் பணிமாற்றத்திலும் இருந்த குறைகளையும் அது சுட்டிக்காட்டியது.

எனவே, தெளிவாக எழுதும் திறனும் பொறியாளருக்கு ஒரு கருவியே. 'பம்பு சரிபார்க்கப்பட்டது' என எழுதுதல் போதாது. எந்தப் பம்பு, யார் பார்த்தார், எப்போது, இன்னும் எஞ்சியுள்ள வேலை எது என்பனவும் இடம்பெற வேண்டும். செய்து முடித்ததை எழுத எவரும் மறப்பதில்லை. முடிக்காததையும் மறைக்காமல் எழுதுவதே கடமை. விடியற்காலைக் களைப்பிலும் அவ்வொரு வரியை எழுதிவிட்டு வீடு திரும்பும் இளம் பொறியாளர், தமக்குப்பின் வருவோரின் உயிரைக் காக்கிறார்.