ஆணையத்தில் ஒரு மாதம்: ஆனைகட்டிப் பாலத்தை முன்வைத்துச் சில விளக்கங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு பிள்ளையாவது சட்டம் படிக்கிறது. லீவு வந்தால் "இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போகலாம்?" என்ற பேச்சு. பெரிய வக்கீல் ஆபீஸ், கம்பெனி என்றுதான் பெற்றோர் கை காட்டுகிறோம். டெல்லியில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் இருப்பது நினைவுக்கே வருவதில்லை.

1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி தோன்றியது இந்த ஆணையம். 2024 டிசம்பரில் இதன் தலைவர் பொறுப்பை ஏற்றவர் மன்னார்குடியில் பிறந்த நீதியரசர் வி. ராமசுப்பிரமணியன். கோடையிலும் குளிர்காலத்திலும் மாணவர்களுக்கு இங்கே ஏறத்தாழ ஒரு மாதப் பயிற்சி உண்டு. இரண்டு வாரக் குறுகிய பயிற்சியும் உண்டு. அதை வீட்டிலிருந்தே இணையவழியில் முடிக்கும்படியும் நடத்தியிருக்கிறார்கள். வகுப்புகள், திகார் சிறை, காவல் நிலையம் போன்ற இடங்களைப் போய்ப் பார்த்தல், குழுவாகச் செய்யும் ஆய்வு என்று நாள் ஓடிவிடும். தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நான் வியாபாரி, எனக்கும் அதே கேள்விதான் முதலில் வந்தது. ஒரு மனுவைப் படிக்கவும் எழுதவும் தெரிந்துகொள்வதே லாபம் என்பேன்.

ஆனைகட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். பாலத்துக்கு இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இரு பக்கமும் இருளர் ஊர்கள். பெண் கொடுத்து எடுப்பதும் இரு பக்கமும்தான். இந்தப் பக்கத்து இளைஞன் ஒருவன் கூலி வேலைக்கு அந்தப் பக்கம் போன இடத்தில் போலீசாரிடம் அடிபட்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் முறையிடுவது? வீடு எங்கே என்பது இதற்குக் கணக்கில்லை, சம்பவம் எங்கே நடந்தது என்பதே கணக்கு. ஆகவே 1997இல் அமைந்த சென்னை ஆணையம் இதைத் தொட முடியாது. திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆணையத்துக்கோ டெல்லிக்கோதான் எழுத வேண்டும்.

டெல்லிக்கு எழுதக் கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் எழுதலாம், அதாவது தமிழிலேயே எழுதலாம். ஆனால் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் விசாரிக்க முடியாது (36ஆம் பிரிவு). மாநில ஆணையத்தில் ஏற்கெனவே நிலுவையிலிருந்தாலும் டெல்லி விசாரிக்காது. "எதற்கும் இரண்டு இடத்திலும் போட்டு வைப்போம்" என்ற நம்மவர் சாமர்த்தியம் இங்கே செல்லாது.

மனு எழுதத் தெரியாதவர்கள் கதி என்ன? சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறொருவர் எழுதலாம்; ஆணையம் தானாகவும் எடுக்கலாம். 2018 பிப்ரவரி 22இல் அட்டப்பாடியின் முக்காலிப் பகுதியில் மது என்ற ஆதிவாசி இளைஞரை, சாப்பாட்டுச் சாமான் திருடினார் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்துக் கொன்றதே, அதில் செய்தியைப் பார்த்தே தேசிய ஆணையம் கேரள அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. குற்ற வழக்கு தனியாக நடந்து, 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. தண்டனை கொடுப்பது கோர்ட்டின் வேலை. ஆணையம் விசாரிக்கும், ஆளை வரவழைக்கும், நஷ்டஈடு கொடு, வழக்குத் தொடு என்று பரிந்துரைக்கும். வெறும் பரிந்துரைதானே என்று அரசுகள் ஒதுக்கி வந்த நிலையில், அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது.

பயிற்சி மாணவர் எதையும் முடிவு செய்பவர் அல்லர். ஆனால் திரும்பி வந்தபின் ஆனைகட்டியிலோ வேறெங்கோ வாயில்லாத ஒருவருக்காக உட்கார்ந்து எழுத முடியும். அங்கேதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம். தமிழ் பேசுகிறார்கள், எழுத வருவதில்லை.

சட்டம் நான்காம் ஆண்டு படிக்கும் என் பேத்தியிடம், மேலே சொன்ன இளைஞனுக்காகத் தமிழில் ஒரு மனு எழுதிக் காட்டம்மா என்றேன். எழுத்துக் கூட்டி, ஒன்றரை மணி நேரம் போராடி எழுதினாள். பேரேட்டில் பார்ப்பது போலத்தான் நான் பார்த்தேன்: யார், எங்கே, என்றைக்கு, யாரால். பிழைகள் கிடக்கட்டும், விஷயம் நன்றாகவே வந்திருந்தது. சம்பவத் தேதியை மட்டும் போடவில்லை. ஓராண்டுக் கணக்கைச் சொன்னேன். "தாத்தா, பேப்பரைக் கொடுங்கள்" என்று வாங்கிப் போனாள்.