மஞ்சள் பேருந்தில் ஒரு வீடு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கு வயது வரம்பு உண்டு. நெடுங்காலம் அது 12 ஆண்டாக இருந்தது. என்ஜின் நல்ல நிலையில் இருந்தாலும் வயது தாண்டிய வண்டியில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. மொன்றியல் தெருக்களில் காலையும் மாலையும் ஓடிய பேருந்துகள் அப்படித்தான் ஒரு நாள் விற்பனைக்கு வருகின்றன. சில பழைய இரும்புக்குப் போகின்றன. சில பண்ணைகளில் சாமான் போடும் கொட்டகையாக நிற்கின்றன. ஒரு சிலவற்றை மட்டும் யாராவது வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து ஓடும் வீடாக மாற்றுகிறார்கள். வட அமெரிக்காவில் இதற்கு ‘ஸ்கூலி’ என்று பெயர். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் குளிர்சாதன வண்டிதான் நினைவுக்கு வரும். இது வேறு வகை. ஒரு குடும்பம் இதில் சமைத்து, உறங்கி, ஊர் ஊராகப் போகலாம். கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளவும் முடியும்.

இந்த வேலைக்கு வண்டி கிடைப்பது இனி இன்னும் எளிதாகும். 2030க்குள் பள்ளிப் பேருந்துகளில் 65 சதவீதத்தை மின்சாரத்துக்கு மாற்றுவது கியூபெக் அரசு வைத்துக்கொண்ட இலக்கு. மொன்றியலுக்கு வடமேற்கே சென் ஜெரோமில் மின்சாரப் பள்ளிப் பேருந்துகளைச் செய்துவந்த லயன் எலக்ட்ரிக் நிறுவனம் 2024 டிசம்பரில் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அது ஒரு பின்னடைவுதான். ஆனாலும் டீசல் வண்டிகள் வயதாகி ஒதுங்குவதை அது நிறுத்தப்போவதில்லை.

வேன், லாரி என்று எத்தனையோ வண்டிகள் இருக்க, ஏன் பள்ளிப் பேருந்து? விடை அதன் உடம்பில் இருக்கிறது. தரையின் ஒரு ஓரத்தில் கிளம்பி, சுவரில் ஏறி, கூரையில் வளைந்து, மறு ஓரத்தில் இறங்கும் எஃகு வளைவுகள்தான் அதன் கட்டுமானம். ஒவ்வொரு இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே ஒரு வளைவு ஓடுகிறது. வெளிப்புறத்தில் நீளவாக்கில் தெரியும் கறுப்புப் பட்டைகளை அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அவை பக்கவாட்டில் மோதும் வண்டியைத் தடுக்கும் எஃகுக் காப்புச் சட்டங்கள். வண்டி உருண்டாலும் கூரை அமுங்கக் கூடாது, தகடுகள் இணையும் இடங்கள் பிளக்கக் கூடாது, நெருப்புப் பிடித்தால் வெளியேறப் பல வழிகள் வேண்டும் என்று கனடாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனித் தரநிலைகள் இருக்கின்றன. உயர்ந்த முதுகும் தடித்த மெத்தையும் உள்ள இருக்கைகளை நெருக்கமாக வைத்து, மோதலின் விசையை இருக்கையே வாங்கிக்கொள்ளச் செய்யும் முறை அமெரிக்காவில் 1977இல் கட்டாயமானது. கடைகளில் விற்கும் சாதாரண மோட்டார் வீடுகள் பலவற்றுக்கு மரச்சட்டமும் மெல்லிய ஃபைபர் தகடும்தான் சுவர். பழைய பள்ளிப் பேருந்து வாங்குகிறவர் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட ஓர் இரும்புக் கூண்டை வாங்குகிறார். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

இந்த உடம்பும் நிறமும் தற்செயலாக வந்தவை அல்ல. 1927இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பர்ட் லூஸ் என்ற கார் விற்பனையாளர், மரத்தில் கட்டிய பேருந்து உடம்பு சீக்கிரமே ஆட்டங்காணுவதைப் பார்த்து, எஃகில் ஒன்றைக் கட்டினார். அதுதான் புளூ பேர்ட் நிறுவனத்தின் தொடக்கம். 1939இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு 44 தரநிலைகளை வகுத்தது. விடியற்கால மங்கலிலும் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மஞ்சள் நிறத்தைத் தேர்ந்ததும் அங்கேதான். அதே புளூ பேர்ட் 1960களில் தன் பேருந்து உடம்பையே வைத்து ‘வாண்டர்லாட்ஜ்’ என்ற மோட்டார் வீட்டை விற்கத் தொடங்கியது. இந்தக் கூண்டு குடியிருக்கவும் ஏற்றது என்று செய்தவர்களே காட்டிவிட்டார்கள். எழுத்தாளர் கென் கீசி 1964இல் நண்பர்களோடு அமெரிக்காவைக் குறுக்கே கடந்த வண்ணப் பேருந்தும் 1939ஆம் ஆண்டுப் பள்ளிப் பேருந்துதான். அதில் படுக்கைகளும் சமையல் வசதியும் முன்பே இருந்தன. அவருக்கு முன் அதை வைத்திருந்தவர் தன் 11 பிள்ளைகளோடு பயணம் போவதற்காகச் செய்துவைத்தவை அவை.

கியூபெக்குக்கும் இதில் சொந்தமான ஒரு மரபு உண்டு. சென்ட் கிளேர் என்ற சிற்றூரில் தளபாடம் செய்துவந்த யூஜீன் பிரெவோ என்ற தச்சர், 1924இல் ஒரு லாரி சேஸிஸின் மேல் மரத்தால் பேருந்து உடம்பு கட்டினார். இன்று அதே பிரெவோ நிறுவனத்தின் வெற்றுடம்புகளில்தான் வட அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த மோட்டார் வீடுகள் உருவாகின்றன. கரூரில் சேஸிஸை வாங்கிவந்து பாடி கட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது.

இனி மொன்றியலின் தனிப் பிரச்சினைக்கு வருவோம். அது உப்பு. குளிர்காலம் முழுவதும் இங்கே சாலைகளில் பனியுருக்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். கியூபெக்கின் மக்தலென் தீவுகளில் இதற்காகவே உப்பு வெட்டும் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அந்த உப்புநீர் சக்கரத்தால் தெறித்து வண்டியின் அடிப்பாகத்தை அரிப்பது எல்லாருக்கும் தெரியும். பள்ளிப் பேருந்தில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறும் பிள்ளைகளின் காலணியில் பனியும் உப்பும் ஒட்டிவருகின்றன. அது உருகி ரப்பர் விரிப்பின் இணைப்புகள் வழியே கீழே இறங்கி, விரிப்புக்கடியில் இருக்கும் பிளைவுட்டில் ஊறுகிறது. அங்கிருந்து அது காய்ந்து போக வழியே இல்லை. ஆகவே தரைத் தகடு கீழிருந்தும் மேலிருந்தும் ஒரே நேரத்தில் துருப்பிடிக்கிறது.

விற்கிறவர் காட்டும் வண்டியில் இது கண்ணுக்குத் தெரியாது. ரப்பரை உரித்து, பிளைவுட்டைக் கடப்பாறையால் நெம்பித் தூக்கினால்தான் உண்மை வெளிப்படும். பலகையின் அடிப்பக்கம் கறுத்துப் பிசுபிசுத்திருக்கும். நடைபாதை நெடுகிலும், சக்கர மேட்டின் ஓரங்களிலும் தகடு செதில் செதிலாகக் கையோடு வரும். இருக்கை கழற்றுவதும் லேசான வேலை அல்ல. போல்ட்டின் தலை மேலே, நட்டு வண்டிக்கு அடியில். துருப்பிடித்த நட்டு ஸ்பானருக்கு அசையாது, அல்லது போல்ட்டோடு சேர்ந்தே சுற்றும். கடைசியில் கிரைண்டரை வைத்துத் தலையை அறுத்தெடுக்க வேண்டியதுதான். எல்லா இருக்கைகளும் போன பிறகு தரை சல்லடையாகக் கிடக்கும். 2013இல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்ட ஒரு சதக் காசைப் பசை போட்டு அந்த ஓட்டைகளில் ஒட்டுவது இங்கே ஒரு வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செம்பும் எஃகும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகு இன்னும் வேகமாக அரிக்கப்படும். எஃகுத் துண்டை வைத்துப் பற்றவைப்பதே சரி. பிறகு கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசி, அதன் மேல் எபாக்சி வண்ணம் அடிக்க வேண்டும். யாரும் பாராட்டப்போகாத வேலை இது. ஆனாலும் வண்டியின் மீதி ஆயுள் இதில்தான் இருக்கிறது.

அடுத்தது குளிர். மொன்றியலில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ். 1957 ஜனவரியில் மைனஸ் 37.8 வரை இறங்கியது. பேருந்தின் உள்கூரையைப் பிரித்தால் மெல்லிய கண்ணாடியிழைப் பஞ்சு இருக்கும். சில மணிநேரம் ஓடும் வண்டிக்கு அது போதும், வீட்டுக்குப் போதாது. நூற்றுக்கணக்கான ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டியெடுத்துத் தகடுகளை இறக்கிவிட்டு, மூடிய அறைகள் கொண்ட நுரையைச் சுவரிலும் கூரையிலும் தெளிப்பதே நல்லது. தரைக்கு இறுகிய நுரைப்பலகை போதும்.

நுரை தெளித்த கையோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஈரம் உள்ளே நுழைகிறது. எஃகு அந்த நுரையைவிட ஏறத்தாழ 2000 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே நுரைகளுக்கு நடுவே ஓடும் எஃகு வளைவுகள் வெளிக்குளிரை நேராக உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். மூச்சுக்காற்று, கொதிக்கும் சோறு, உலரும் துணி எல்லாம் ஈரத்தைக் கூட்டுகின்றன. புரொப்பேன் அடுப்பு இதில் பெரிய பங்காளி. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி பிறக்கிறது. அது வளைவில் நீராகி, பலகைக்குப் பின்னால் வழிந்து, நாம் பாடுபட்டுச் சுரண்டிய அதே தரையில் போய்த் தேங்கும். இதனால் வளைவுகளின் உள்முகத்தையும் நுரைப்பட்டையால் மூட வேண்டும், கூரையில் காற்றோட்ட விசிறி வேண்டும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களில் பாதியையாவது எடுத்துவிட்டுத் தகடு அடிப்பதும் நல்லது. வெளியே புகைபோக்கும் டீசல் ஹீட்டர் அறைக்குள் ஈரத்தை விடுவதில்லை என்பதால் குளிர்நாட்டில் அதற்குத்தான் என் ஓட்டு. எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஓர் இரவும் உறங்கக் கூடாது.

மின்சாரத்திலும் எச்சரிக்கை தேவை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுப்போகும். பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் இங்கே சூடான உட்பகுதியிலேயே இருக்க வேண்டும். சூரியத் தகட்டை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. டிசம்பர் நடுப்பகலில் மொன்றியலின் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 21 டிகிரிதான் எழும்பும், தகட்டையும் பனி மூடிவிடும்.

உயரமானவர்கள் ஜன்னல் மட்டத்தில் வளைவுகளை அறுத்துக் கூரையை ஓரடி, இரண்டடி உயர்த்துவதுண்டு. படங்களில் அது கவர்ச்சியாக இருக்கும். என் பார்வையில், தேர்ந்த பற்றவைப்புக்காரர் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. கூண்டின் வலுவே அந்த முறியாத வளைவுகளில்தான் இருக்கிறது. ஆபத்தில் வெளியேறும் வழிகளான பின்கதவையும் கூரைத் திறப்புகளையும் அலமாரி வைத்து அடைப்பது அதைவிடப் பெரிய தவறு. தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு கிலோ எடை. 400 லிட்டர்த் தொட்டியை ஒரே பக்கத்தில் வைத்தால் வண்டி வாழ்நாள் முழுவதும் சாய்ந்தே ஓடும்.

என்ஜினைப் பொறுத்தவரை இன்டர்நேஷனல் டிடி466, கம்மின்ஸ் 5.9 போன்றவை நீடித்து உழைப்பதில் பெயர் பெற்றவை. கியர் விகிதம் நகர வேகத்துக்கு அமைந்திருப்பதால் நெடுஞ்சாலையில் பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் பேருந்தின் சிவப்பு விளக்கு மின்னினால் கியூபெக்கில் மற்ற வண்டிகள் ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி நின்றாக வேண்டும். அந்த அதிகாரம் வீட்டு வண்டிக்குக் கிடையாது. விளக்குகள், நிறுத்தப் பலகை, ‘எக்கோலியே’ (பள்ளிப் பிள்ளைகள்) என்ற எழுத்து எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பக்கத்து ஒன்டாரியோவில் பிள்ளைகளை ஏற்றாத பேருந்துக்கு அந்த மஞ்சள் நிறமே கூடாது. 24 பேருக்கு மேல் ஏற்றும் பேருந்தை ஓட்டக் கியூபெக்கில் 2ஆம் வகுப்பு உரிமம் தேவை. மோட்டார் வீடாகப் பதிவான வண்டிக்கோ சாதாரண 5ஆம் வகுப்பு உரிமமே போதும். ஆனால் காற்று பிரேக் இருந்தால் அதற்கான தனித் தகுதி வேண்டும். பதிவு மாற்றத்துக்கு மாகாண வாகனக் காப்புறுதி நிறுவனத்தின் விதிகளையும் காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனைகளையும் வண்டி வாங்குமுன்பே கேட்டு எழுத்தில் பெறுங்கள். இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கேரவன்களுக்கென்று தனித் தரநிலை இருப்பதால் அங்கே அந்த வழியாகத்தான் போக முடியும்.

மொன்றியலில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தையும் என்ஜின் சத்தத்தையும் பார்த்து மயங்காதீர்கள். பழைய துணி உடுத்திப் போங்கள், விளக்கும் சுத்தியலும் கொண்டுபோங்கள், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேஸிஸையும் தரைத் தகட்டின் ஓரங்களையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். சுத்தியல் உள்ளே இறங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த வண்டி விற்பனைக்கு வர அதிக நாளாகாது.