ஊசி குத்தினா வலி போயிடுமா?

"ஏய்... எனக்கு கேன்சர்னு நினைக்கிறேன்டி!"

ராத்திரி பன்னிரண்டரை மணி. விடிஞ்சா இன்டர்னல் டெஸ்ட். அந்த நேரத்தில் என் ஹாஸ்டல் ரூம்மேட் தூக்கிப் போட்ட குண்டு இது. (பேரைப் போட்டா கொன்னுடுவேன்னு மிரட்டியிருக்கா. அதனால வெறும் ரூம்மேட்!) ரெண்டு மார்பும் கனத்துப்போய், துப்பட்டா பட்டாலே வலி. காலேஜ் பஸ் ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினா உயிரே போகுதாம். அம்மாகிட்ட சொல்ல வெட்கம், டாக்டர்கிட்ட போக பயம். கடைசியில் சித்திக்கு போன் போட்டா. "அக்குபஞ்சர் போடி, நாலு சிட்டிங்ல சரியாயிடும்" என்றார் சித்தி.

அவ ஊசி குத்திக்கக் கிளம்பினா. நான் விசாரிக்கக் கிளம்பினேன்!

இது என்ன வலி?

பீரியட்ஸுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி ஆரம்பிச்சு, பீரியட்ஸ் வந்ததும் வடிஞ்சுபோற மார்பு வலிக்கு மெடிக்கல் பாஷையில் 'சைக்ளிக்கல் மாஸ்டால்ஜியா'னு பேர். பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும், அக்குள் வரைக்கும் இழுக்கும். மாசாமாசம் ஏறி இறங்குற ஹார்மோன்களோட சம்பந்தப்பட்டது. வாழ்க்கையில் ஏதாவது ஒரு கட்டத்தில் பத்துல ஏழு பெண்கள் வரைக்கும் மார்பு வலியைச் சந்திக்கிறாங்க. கட்டி எதுவும் இல்லாம வலி மட்டும் இருந்தா, அது புற்றுநோயா இருக்கிறது ரொம்ப அபூர்வம். இந்த ஒரு வரி தெரியாமத்தான் நிறைய பேர் ராத்திரி தூங்காம கிடக்கிறாங்க!

வலி மார்புல... ஊசி கால்ல!

உடம்புக்குள்ள 'சீ'ங்கிற சக்தி தனித்தனிப் பாதைகளில் ஓடுது, அது தடைபட்டா வலி வருதுங்கிறது சீன மருத்துவத்தின் கணக்கு. அதனால ஊசி பெரும்பாலும் மணிக்கட்டு, முழங்காலுக்குக் கீழே, பாதம் பக்கம்தான். முடி மாதிரி மெல்லிய ஊசியைக் குத்தி, அரை மணி நேரம் போல படுக்க வைப்பாங்க. நம்ம ஊர்ல ஊசியே இல்லாம விரலால் தொட்டு அனுப்புற 'தொடு அக்குபஞ்சர்'கூட உண்டு.

1971-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனாவுக்குப் போன இடத்தில் அவருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். அதுக்கு அப்புறம் வந்த வயிற்று உபாதைக்கு ஊசி குத்தினாங்க. அதை அவர் எழுத, அமெரிக்காவே அக்குபஞ்சரைத் திரும்பிப் பார்த்தது.

பொய் ஊசி டெஸ்ட்

சரி, நிஜமா வேலை செய்யுதா? இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் ஒரு சூப்பர் டெக்னிக் வெச்சிருக்காங்க. சினிமா கத்தி மாதிரி, அழுத்தினா தோலுக்குள்ள போகாம கைப்பிடிக்குள்ள போயிடுற பொய் ஊசி! சில ஆய்வுகளில் சம்பந்தமில்லாத இடத்தில் லேசா குத்துவாங்க. ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதுகுவலிக்காரர்களை வெச்சு நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. அசல் ஊசியில் சுமார் 47 சதவிகிதம் பேருக்குப் பலன். போலி ஊசியில் 44! வழக்கமான சிகிச்சையில் 27 மட்டும்தான். அதாவது, ஊசி எங்கே குத்தினாங்கங்கிறதைவிட, படுக்க வெச்சு, அக்கறையா கவனிச்சு, 'சரியாயிடும்'னு நம்பிக்கை கொடுத்ததுக்குப் பங்கு அதிகம்.

மார்பு வலிக்கு? அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2011-ல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. வலி குறைஞ்சதா பல பெண்கள் சொன்னாங்க. ஆனா, அது பீரியட்ஸோட சம்பந்தமில்லாத மார்பு வலி. ஒப்பிட்டுப் பார்க்க பொய் ஊசி குரூப்பும் இல்லை. மாசாமாசம் வர்ற வலிக்கு அக்குபஞ்சர் உறுதியான மருந்துன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லை.

காலண்டர் செய்த மாயம்

ரூம்மேட் ரெண்டு சிட்டிங் போனா. மூணாம் நாள் வலி மாயம்! "பார்த்தியா... நீயும் உன் சயின்ஸும்!" என்று என்னை ஓட்டித் தள்ளினா. அடுத்த மாசம் அதே வலி, அதே தேதி. சிகிச்சை செய்தவரோ, "டாக்டர், டெஸ்ட் எதுவும் வேணாம்மா. இன்னும் பத்து சிட்டிங் வாங்க" என்றாராம்.

எனக்குக் கோபம். உடனே கிராஃப் ஷீட்டை எடுத்தேன். எக்ஸ் ஆக்ஸிஸ்ல தேதி, ஒய் ஆக்ஸிஸ்ல வலிக்கு பத்துக்கு எத்தனை மார்க். ரெண்டு மாசம் தினமும் குறிச்சோம். ஊசி போன மாசமும் சரி, போகாத மாசமும் சரி, பீரியட்ஸ் வந்த அன்னிக்கு கிராஃப் தடால்னு கீழே! வலி உச்சத்தில் இருக்கும்போதுதானே சிகிச்சைக்கு ஓடுறோம்? அடுத்த ரெண்டு, மூணு நாளில் பீரியட்ஸ் வந்து வலி தானாப் போயிடும். பேர் மட்டும் ஊசிக்கு!

அந்த கிராஃபோட லேடி டாக்டரைப் பார்த்தோம். பரிசோதிச்சுட்டு, கட்டி எதுவும் இல்லைன்னாங்க. அப்புறம் கேட்ட கேள்விதான் ஹைலைட்: "எந்த சைஸ் பிரா போடுறே?" ப்ளஸ் டூவில் வாங்கின அதே சைஸ்! சரியான சைஸுக்கு மாறினதிலும், பயம் போனதிலுமே பாதி வலி குறைஞ்சுபோச்சு.

நோட் பண்ணிக்கோங்க!

* ரெண்டு, மூணு மாசம் வலி டைரி எழுதுங்க. டாக்டருக்கு அதுதான் பெரிய க்ளூ.

* சப்போர்ட்டான, அளவான பிரா முக்கியம். ஓடும்போது, விளையாடும்போது ஸ்போர்ட்ஸ் பிரா. வலி தாங்கலைன்னா பாரசிட்டமால், வலி நிவாரண ஜெல் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

* கட்டி, ஒரே இடத்தில் விடாத வலி, காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர், தோலில் குழி, காய்ச்சலோட சிவந்த வீக்கம்... இதில் எது இருந்தாலும் உடனே டாக்டர்.

* அக்குபஞ்சர் ஆசையா? டாக்டர் பார்த்த பிறகு தாராளமா போங்க. பாக்கெட்டைப் பிரிச்ச புது ஊசிதானான்னு கண்ணால பாருங்க. நெஞ்சுப் பக்கம் ஆழமா குத்தினா நுரையீரலில் ஓட்டை விழுற ஆபத்து அபூர்வமா உண்டு.

* 'டெஸ்ட் வேண்டாம், டாக்டர் வேண்டாம்'னு யாராவது சொன்னா, அங்கிருந்து எழுந்து வந்துடுங்க.

ரூம்மேட் இப்போ அம்மாகிட்டேயும் சொல்லிட்டா. அம்மா சொன்ன பதில்? "எனக்கும் உன் வயசுல இப்படித்தான்டி இருந்துச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம சும்மா இருந்துட்டேன்."

நாம சும்மா இருக்க வேண்டாமே!